சூலத்தில் கட்டிய கம்பி

கிடாரின் முதல் தந்தியைத் தொட்டதும் என் வலது கை முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கூழ் ஊற்றி முடித்த பிற்பகல். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. பந்தலின் கீழே சிமெண்டுத் தரை முழுக்க மஞ்சள் தண்ணீர். அதில் வெறுங்காலோடு நிற்கிறேன். தோளில் பட்டை போட்டு மாட்டிய எலெக்ட்ரிக் கிடார். எதிரே தெருவே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் என் மனைவி மல்லிகாவும் அவளோடு சேர்ந்து பாடும் பெண்கள் எட்டுப் பேரும்.

அந்தக் கிடாரை வாங்கி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதுவரை நான் வாசித்து யாரும் கேட்டதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஊர் கேட்கப்போகிறது. சரியாக வந்தால் உண்டு. வராவிட்டால், அறுபதைத் தாண்டிய ஆளுக்கு இன்னொரு தடவை பந்தலில் வந்து நிற்கும் தைரியம் வராது. இது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்ட நாளில், தொட்ட முதல் தந்தியிலேயே ஷாக்.

"ஆ" என்று கத்திக்கொண்டு ஓரடி பின்னால் துள்ளினேன். கண் இருண்டது. உடம்பு உதறியது. தலைமுடி கலைந்து நெற்றியில் விழுந்திருக்க வேண்டும்.

உடனே பந்தலில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

"சாமி வந்துடுச்சு! கமிட்டி சாருக்கு சாமி வந்துடுச்சு!"

வந்தது சாமி இல்லை, மின்சாரம். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குள் மூன்றாவது வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிவிட்டாள். சாமி வந்தவர் தலையில் அதை ஊற்றி உக்கிரத்தைத் தணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

குடம் நிறையத் தண்ணீர். என் நெஞ்சில் கிடார். அவள் வந்து சேருவதற்குள் இந்தக் கிடார் என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டைகளை எண்ணி வாங்கினேன்

என்னைத் தெருவில் எல்லோரும் கமிட்டி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எங்கள் ஊரில் கமிட்டி என்பார்கள். நெல் மூட்டை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பத்தியின் முன் வாரங்களில் அந்தக் கதையைப் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டேன்.

கிடார் ஆசை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தது. என் கல்யாணத்துக்கு முன்னால், உடன் வேலை பார்த்தவர் ஒருவருடைய திருமண வரவேற்புக்குத் திண்டிவனம் போயிருந்தேன். மெல்லிசைக் கச்சேரி. ஒல்லியான ஒருவர் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் வாசித்தார். பாதிப் பாட்டில் மின்சாரம் போய்விட்டது. பாடகர், தபேலாக்காரர் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் இருட்டில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். மேடை ஓரத்தில் ஒட்டி நின்ற எனக்குக் கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக அது கேட்டது. இரண்டாவது வரிசையில் இருந்தவருக்கு அதுவும் கேட்டிருக்காது.

கரண்ட் இருந்தால் ஊருக்கே கேட்கும்; இல்லையென்றால் வாசிக்கிறவனோடு நின்றுவிடும். கூச்சம் பிடித்தவனுக்கு இதைவிடத் தோதான வாத்தியம் கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு சரி. மகள் படிப்பு, மகள் கல்யாணம், வீட்டுக்கு மாடி என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. எல்லாம் விலகி வழி கிடைத்தபோது தலை நரைத்திருந்தது.

புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன்.

"பேரனுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் வேலை உத்தரவு வாங்கிய அன்றுகூட ஏற்பட்டதில்லை.

கிடாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். இருபத்திரண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. எண்ணினேன். இருபத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அதே இருபத்தொன்று. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவரும் எண்ணினார்.

"சார், பத்து வருசமா விக்கிறேன். ஒருத்தரும் எண்ணிப் பாத்ததில்ல."

"இப்ப எண்ணியாச்சு. இருபத்திரண்டு இருக்கிறதை எடுங்க."

அப்படி எடுத்து வந்ததுதான் இது. ஓரமெல்லாம் கருப்பு. நடுவுக்கு வர வர மாம்பழ மஞ்சள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஓரிடத்திலும் குத்தாது. எதிரில் இருந்த கண்ணாடியில் தோளில் மாட்டிப் பார்த்தேன். தொப்பை பாதியை மறைத்தது. அதுவும் ஒரு லாபம்.

திண்டிவனத்தில் ஏறிய பேருந்தில் நடத்துநர் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் அது, வீணையா?"

"கிடார்."

"படுக்க வெச்சா லக்கேஜ் டிக்கெட். நிக்க வெச்சா ஒங்க கூட வந்த ஆளு. எப்டி வசதி?"

எங்கள் ஊர் செஞ்சி வரைக்கும் மடியில் நிற்க வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். வேகத்தடைகளில் எல்லாம் என் முட்டி அடிபட்டது. கிடாரில் ஒரு கீறல் இல்லை.

வீட்டில் மல்லிகா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, இந்த வயசுல?"

"சத்தம் வராது மல்லிகா. ஹெட்போன் குடுத்திருக்கான். ஒனக்குத் தொந்தரவே இருக்காது."

"சத்தம் வராத வாத்தியத்த வாசிச்சு யாருக்கு இன்னா புண்ணியம்?" என்று சொல்லிவிட்டுப் புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

பிற்பகல் வேலை

சாப்பாடு முடிந்ததும் மல்லிகா கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுப்பாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொள்வேன். கதவைச் சாத்த முடியாது. எங்கள் ஊர் மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு வீடுகளின் மேல் துப்பும். திறந்து வைத்தால்தான் மூச்சு விடலாம்.

கைப்பேசியில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்துக் கற்றேன். அவர்கள் ஒரு வாரத்தில் வரும் என்று சொன்னது எனக்கு நான்கு மாதத்தில் வந்தது. இடது கை விரல் நுனிகள் முதலில் கொப்பளித்தன, பிறகு உரிந்தன, பிறகு காய்த்துப்போயின. அந்தக் காய்ப்பைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை. "இன்னா சார், ரேகையே இல்ல?" என்று கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

கிடாருக்குப் பழைய சாக்கைப் பிரித்துத் துவைத்து உறை தைத்தேன். உள்ளே என் பழைய வேட்டியை மடித்து இரண்டு அடுக்கு. சித்திரை வெயிலில் மரம் வளைந்துவிடுமோ என்று பயம். ஐப்பசி மழையில் ஊறிவிடுமோ என்று பயம். மல்லிகா சோறு வடிக்கையில் ஆவி வந்தால்கூட எழுந்து போய்ப் பார்ப்பேன். என் ரத்த அழுத்த மாத்திரையை மறந்த நாள் உண்டு. தந்திகளின் வியர்வையைத் துடைக்க மறந்த நாள் இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. அதை விவரமாகச் சொன்னால்தான் மேலே நடந்தது புரியும்.

எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபையர் என்கிற பெட்டியில் சொருகி வாசிக்க வேண்டும்; ஹெட்போனும் அந்தப் பெட்டியில்தான் சொருகும். பெட்டியில் மின்கசிவு இருந்தால் அது தந்தி வழியாகக் கைக்கு வரும். அப்படி வராமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்குத்தான் எர்த் கம்பி, பிளக்கின் மூன்றாவது கால் எல்லாம். ஆனால் செஞ்சியில் மண் எங்கே இருக்கிறது? மூன்றடி தோண்டினால் பாறை. எங்கள் வீட்டுக்கு எர்த் குழி போட வந்தவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு, "இதுக்கு மேல வெடி வெச்சாத்தான் சார்" என்று சொல்லிப் போய்விட்டார்.

கமிட்டியில் இருந்தபோது மின்தராசுக்கு ஓர் எர்த் குழி இருந்தது. திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கும். "சார் செடி வெச்சிருக்காரு, இன்னும் மொளைக்கல" என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். நான் இருந்தவரை அந்தத் தராசு ஒருவரையும் உதறியதில்லை. சிரித்தவர்களும் அதில் அடக்கம்.

ஆகவே வீட்டில் கிடாரைத் தொடும்போதெல்லாம் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வேன். ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை.

மல்லிகா கொடுத்த வாக்கு

மல்லிகாவின் பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்த அம்மாள் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பிடிமானத்துக்கு ஒரு வாத்தியம் இல்லாமல் எட்டுப் பேரும் எட்டுச் சுதியில் பாட ஆரம்பித்தார்கள். ஆடித் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இதற்காகக் கூடிப் பேசினார்கள். நான் உள்ளே பேப்பர் படிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டேப்புல போட்டுப் பாடலாமே?" என்றாள், பாடாவிட்டாலும் கூட வந்து உட்கார்ந்திருந்த அஞ்சலை.

"எதுக்குடி? எங்க வூட்ல ஒருத்தரு இருக்காரு. அவரு வாசிப்பாரு" என்றாள் மல்லிகா.

பேப்பர் கையிலிருந்து நழுவியது. அவர்கள் போனதும் கேட்டேன்.

"நான் வாசிச்சு நீ கேட்டதே இல்லையே. எந்த நம்பிக்கையில சொன்ன?"

"சொல்லிட்டேன். போய் பழகுங்க" என்றாள்.

மறுக்க ஏழு காரணங்களை யோசித்து வைத்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. உள்ளுக்குள் எங்கோ, யாராவது இப்படிச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

குடம் வந்து சேர்ந்தது

பந்தலில் நான் கேட்ட முதல் கேள்வியே செருப்பைப் பற்றித்தான்.

"ஆத்தா எதிர்ல செருப்பா? நீங்க படிச்சவரு சார்" என்றார் பூசாரி தனக்கோடி. பிளாஸ்டிக் நாற்காலியும் கூடாது. ஆத்தாளுக்கு எதிரில் ஒருவரும் உயர்ந்து உட்காரக் கூடாது. பாய் போட்டார்கள், ஐந்தாவது நிமிடம் அது தரையைவிட அதிகமாக நனைந்திருந்தது.

மைக் செட் ஏழுமலை என் பெட்டியின் பிளக்கைப் பார்த்தான்.

"மூணு காலு இருக்குது. நம்ம போர்டுல ரெண்டு ஓட்டதான்" என்றான். நான் தந்தி முடுக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாவது காலைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டிருக்கிறான். அதை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்க்கிற நான் அன்றைக்கு அதை மட்டும் பார்க்கவில்லை.

அதன் பலனைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

"ஏழுமலை, ஆஃப் பண்ணு!" என்று ஒருவழியாகக் கத்திவிட்டேன். அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். ஆனால் அஞ்சலையைப் பிடுங்க ஆள் இல்லை. "தாயே, குளுந்துக்கோ தாயே" என்று சொல்லிக்கொண்டே குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். பின்னால் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. கிடாரைக் கழற்ற நேரம் இல்லை. கையால் மூடினால் எவ்வளவுதான் மூட முடியும்?

அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து மல்லிகா வந்தாள். எனக்கும் அஞ்சலைக்கும் நடுவே புகுந்து, முதுகை அவளுக்குக் காட்டி, என்னையும் கிடாரையும் சேர்த்து இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. முழுக் குடமும் அதில் இறங்கியது.

"அடியே அஞ்சலை, சாமி இல்லடி! கரண்ட்டுடி, கரண்ட்டு!"

பம்பை நின்றது. குலவை நின்றது.

நான் முதலில் கிடாரைப் பார்த்தேன். பிறகுதான் அவளைப் பார்த்தேன். அதை அவளும் கவனித்தாள். கிடாரின் கீழ்ப்புறம் ஏழெட்டுச் சொட்டுகள், அவ்வளவுதான். அவள் முந்தானையில் காய்ந்த ஓரத்தைத் தேடி எடுத்து அதைத் துடைத்தாள்.

"சார், ரிஸ்க் வேணாம். இந்த வருசம் வெறும் வாயால பாடிடட்டும்" என்றான் ஏழுமலை. பெரியவர்கள் சிலர் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பட்டையைக் கழற்றத் தொடங்கினேன்.

மல்லிகா முடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நான் சொட்டச் சொட்ட நிக்கிறேன். வாசிக்காம வூட்டுக்கு வந்து பாருங்க."

பூ விழுந்த பக்கம்

எனக்கு வேண்டியது ஈர மண்ணில் ஆழமாக இறங்கிய ஓர் இரும்பு. பந்தல் முளைக்கம்பியை ஏழுமலை அடித்துப் பார்த்தான். ஒரு முழம் போனதும் ணங் என்று பாறை. இடம் மாற்றி அடித்தான். அங்கும் ணங்.

அப்போதுதான் சூலத்தைப் பார்த்தேன். அம்மனுக்கு எதிரில், ஒரு காலத்தில் கிணறாக இருந்து தூர்ந்துபோன இடத்தில், ஆள் உயர இரும்புச் சூலம். தினமும் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி ஊற்றி அடி மண் குழைந்து கிடக்கிறது. இதைவிட நல்ல எர்த் குழி செஞ்சி வட்டாரத்திலேயே இருக்காது.

சொன்னேன். தனக்கோடி முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பேசறீங்க சார்? ஆத்தா மேல கரண்ட்ட ஏத்தணுமா?"

"ஏத்தல பூசாரி. தப்பிச்சு வர்ற கரண்ட்டு மனுசன் மேல பாயாம மண்ணுக்குப் போவணும். அத அவ வாங்கி மண்ணுல எறக்கிடுவா."

அவர் குனிந்து சூலத்தின் அடியில் இருந்த ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மை போட்டா அப்படித்தான் எறக்கறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆனா அவள ஒரு வார்த்தை கேக்கணும்."

சூலத்தின் வலது முனையில் ஒரு செவ்வரளி, இடது முனையில் ஒரு செவ்வரளி வைத்தார். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். கற்பூரம் ஏற்றினார். நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். காற்றே இல்லை. இடது பூ லேசாகச் சாய்ந்தது. அது சாய்ந்தபடியே ஒட்டிக்கொண்டு நிற்க, வலது பூ பொத்தென்று விழுந்தது.

தனக்கோடி வேறு யாரையும் சூலத்தைத் தொட விடவில்லை. அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் புளி போட்டு அவரே தேய்த்து, கம்பியை அவரே சுற்றிக் கட்டினார். சுற்றிலும் வேப்பிலைத் தோரணம் கட்டி ஒருவரும் நெருங்காதபடி செய்தார். மறுமுனையைப் பெட்டியின் திருகாணியில் நான் முடுக்கினேன். ஏழுமலை பிளக்கை மறுபடி சொருகியதும், எப்போதும் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரைத் தந்தியில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. மூன்று தடவை வைத்தேன், எரியவில்லை. வாசகர்கள் யாரும் இதைத் தங்கள் ஊரில் செய்து பார்க்க வேண்டாம். நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கின் மூன்றாவது காலை ஒடிக்காதீர்கள்.

பிறகு வாசித்தேன்.

வேப்பமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்தும் என் கிடார் புறப்பட்டது. ஐந்து வருடமாக என் இரண்டு காதுகளுக்கு நடுவில் இருந்த ஒலி, தெருவைத் தாண்டி, பேருந்து நிலையத்தின் ஹாரன்களைத் தாண்டி மலைப் பக்கம் போயிற்று. எட்டுப் பேரும் ஒரே சுதியில் வந்து சேர்ந்தார்கள். ஈரப் புடவையோடு மல்லிகா மேல் ஸ்தாயிக்குப் போனபோது நான் கீழே இருந்து தாங்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாங்குவேன் என்று தெரிந்தவள் போலப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. ஏழுமலை பெட்டியைக் காட்டி நாலு பேரிடம், "சார் சொல்லித்தான் நான் கம்பிய இழுத்தேன்" என்று ஆரம்பித்துவிட்டான். தனக்கோடி கிடாரின் தலைப்பக்கம் குங்குமம் வைத்தார். அஞ்சலை காலிக் குடத்தோடு மல்லிகாவிடம் வந்தாள்.

"அக்கா, தண்ணி ஊத்துனதுக்கு மன்னிச்சுக்க. மாமா இப்டி வாசிப்பாருன்னு யாருக்குக்கா தெரியும்? வெளிய தெரியாமலே வெச்சிருந்தாரு!"

"எனக்குத் தெரியும்" என்றாள் மல்லிகா. "தெனம் மத்தியானம் தலமாட்டுலதான வாசிக்கிறாரு? காதுல மாட்டிக்கினா வெளிய கேக்காதுன்னு நெனச்சிக்கினு இருக்காரு. கம்பி மெல்லிசா கேக்கும். ஃபேன நிறுத்திட்டுப் படுத்தா நல்லா கேக்கும்."

சித்திரை மாதத்தில்கூடக் கூடத்து மின்விசிறி நின்றிருக்கும். கரண்ட் மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"சார், அடுத்தது இன்னா வாசிக்கிறீங்க? மைக்ல சொல்லணும்" என்றான் ஏழுமலை.

எங்கள் பட்டியலில் அடுத்தது என்னவென்று யோசிப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள்.

"நீங்க ரெண்டாவதா ஒண்ணு வாசிப்பீங்களே, பாட்டு இல்லாம, சும்மா. நடுவுல ஒரு எடத்துல தடுக்கும். இப்ப ஒரு வருசமா தடுக்கறதில்ல. அத வாசிங்க."

அதற்குப் பெயர் கிடையாது. நானாகப் போட்ட மெட்டு. பாடுகிறவர்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஏழுமலை மைக்கில் என்ன சொல்வதென்று தெரியாமல், "கமிட்டி சார்" என்று மட்டும் சொன்னான். நான் வாசித்தேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.